ஏழாவது ஆட்டத்துக்கு ஒரு கிண்ணம் சூப்

அத்தியாயம் 5

மொக்போ ஆக்டோபஸ் அணியின் விடுதி கேட்டைத் தொட முடியவில்லை. ரசிகர்கள் வந்து கேட் முழுக்க ஜவ்வு மிட்டாயை அப்பிவிட்டுப் போயிருந்தார்கள். கோப்பை நம்மோடு ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். கோப்பை ஒட்டுமோ ஒட்டாதோ, என் கோட்டுக் கை உடனே ஒட்டிக்கொண்டது.

“பாஸ், நான் மாட்டிக்கிட்டேன்.”

“கேஸுக்குள்ளயே இன்னும் நுழையல. அதுக்குள்ள மாட்டிக்கிட்டியா?” என்றார் பியோன் மால்சுக், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பாஸ் என் தோள் உயரம்தான் இருப்பார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெயிம்களைப் பிடித்தே தலை நரைத்த பெண்மணி. இப்போது துறைமுகத் தெருவில், கோழி வறுவல் கடைக்கு மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். வாயில் எப்போதும் ஒரு காய்ந்த கணவாய்த் துண்டு இருக்கும். நான் அவருடைய உதவியாளன் நம்குங் சான். சம்பளம் குறைவு, பேச்சு அதிகம்.

அன்று சாயங்காலம் கூடைப்பந்துக் கோப்பைத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். மூன்று ஆட்டம் எங்களுக்கு, மூன்று ஆட்டம் அந்தோங் டைகர்ஸுக்கு. எங்கள் ஆக்டோபஸ் அணி பிறந்ததிலிருந்து கோப்பையை டிவியில்தான் பார்த்திருக்கிறது. அந்தோங்காரர்கள் ஒரே ஒரு தடவை ஜெயித்தார்கள். அந்த வருஷம் பிறந்த பையன்கள் ராணுவத்துக்குப் போய்த் திரும்பி வந்து, இப்போது பெண் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கூட்டமும் அத்தனை வருஷப் பசியோடு ஒரே இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தது. ஊரில் அன்றைக்கு மீன் ஏலம்கூட நடக்கவில்லை. ஊருக்கே பைத்தியம் பிடித்திருந்தது, எனக்கும்தான்.

அணியின் தலைவர் மோ ஓடி வந்தார். மீன் டப்பா கம்பெனி முதலாளி. தொடர் தொடங்கிய நாளிலிருந்து ராசிக்காகச் சவரம் செய்யாத தாடி, ராசிக்காகத் துவைக்காத சட்டை. ராசி நன்றாகவே மணத்தது.

“மேடம்! கொலை விழுந்துடுச்சு மேடம்!”

“யாரு செத்தது?”

“என் டீம்!”

சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அடுப்பில் பெரிய அண்டா நிறைய முளைப்பயறு சூப். அது வழக்கமான காலைச் சாப்பாடு. பக்கத்து அடுப்பில் ஒரு சின்னப் பானை. தலைவர் மூடியைத் திறந்துவிட்டுப் பாம்பைக் கண்டவர் மாதிரி பின்வாங்கினார். உள்ளே கடற்பாசி சூப்.

கடற்பாசி வழுக்கும். பரீட்சை நாளில், நேர்முகத்துக்குப் போகிற நாளில், பந்தய நாளில் எங்கள் நாட்டில் யாரும் அதை வாயில் வைக்க மாட்டார்கள். வைத்தால் வழுக்கி விழுவது நிச்சயம். கார் ஓட்டும் தேர்வு அன்று தெரியாமல் அதைக் குடித்துவிட்டு, ஆரம்பிக்கும் முன்பே மரத்தில் இடித்தவன் நான். சும்மா சொல்லவில்லை.

“வெச்சது மட்டும்னா கீழே கொட்டிட்டு விட்டிருப்பேன் மேடம்,” என்றார் தலைவர். “பானையில பாதி குறையுது. தொட்டித் தண்ணியில எச்சில் கிண்ணமும் ஸ்பூனும் கிடந்துச்சு. எவனோ குடிச்சிருக்கான்! எவன்னு கேட்டா ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டேங்கறான்.”

“பசங்க எப்படி இருக்காங்க?”

“நீங்களே பாருங்க.”

ஜன்னல் வழியாகப் பயிற்சி மைதானம் தெரிந்தது. கேப்டன் பாங் எறிந்த பந்து வளையத்தையும் தொடவில்லை, பலகையையும் தொடவில்லை. நேராகப் போய் உதவிக் கோச்சின் காபியில் விழுந்தது. அதைவிட மோசம் வேறொன்று. யாரும் யாருக்கும் பந்தைக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நிற்பவன்தான் சூப் குடித்தவனோ என்று ஒவ்வொருவனும் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

“இன்னிக்கு ஜெயிச்சிடுவோம் பாஸ்,” என்றேன். “பந்தே குடுக்காட்டி எதிர் டீமும் பாயிண்ட் எடுக்க முடியாதுல்ல.”

மூலையில் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துத் துடைத்துத் தோலையே உரித்துவிடுவது போல நின்றுகொண்டிருந்தார் சமையல்காரம்மா க்வாக் இப்புன். வீரர்கள் எல்லோருக்கும் அவர் சித்தி. பத்தொன்பது வருஷமாக இந்த விடுதியில் சமைக்கிறார். தோற்ற ராத்திரிகளில் அழுகிற பையன்களுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தே வயசான கை அது.

“நான் வெச்சது முளைப்பயறு சூப் மட்டும்தாங்க,” என்றார். கண் தரையில் இருந்தது.

“சமையலறைச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?” தலைவர் எகிறினார். “மேடம், சாயங்காலத்துக்குள்ள யாருன்னு தெரியணும். தெரியலைன்னா சித்தி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பசங்க பயந்து கிடக்கறாங்க. வெளியில தெரிஞ்சா மொக்போவுல ஒரு கடைக்காரன்கூட இவங்களுக்கு உப்பு விக்க மாட்டான்.”

சித்தி ஏப்ரனை இன்னும் இறுக்கிப் பிசைந்தார்.

பாஸ் கரண்டியால் கடற்பாசியைத் தூக்கினார். வந்தது. இன்னும் தூக்கினார், இன்னும் வந்தது. ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ஏறித் தூக்கினார். நுனி இன்னும் பானைக்குள்ளேயே இருந்தது.

“சூப்பா பாஸ் இது? கப்பலைக் கட்டிப்போடற கயிறு மாதிரில்ல இருக்கு!”

“அதான் பாக்கறேன்,” என்றார். அவ்வளவுதான். கணவாய்த் துண்டு ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குப் போனது. நல்ல சகுனம்.

அடுத்து பின்பக்கக் கதவு. பழைய கட்டடம், வாசல் குள்ளம். நிலைக்கு உள்பக்கம் கரண்டிகள் மாட்டும் கம்பி ஒன்று, ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. ஒரு கரண்டி அரிசி மூட்டைக்குள் தலைகீழாக நின்றது.

“சான், கேப்டனைக் கூப்பிடு. பின்வாசல் வழியா வரச் சொல்லு.”

கேப்டன் பாங் வந்தான். “என்ன விஷயம்னு சொன்னா...” என்று பேசிக்கொண்டே, பேச்சும் நிற்காமல், வாசலில் தலையைக் குனிந்து நிமிர்ந்தான். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டே குனிந்தான். மற்றவன் கொட்டாவி விட்டுக்கொண்டே குனிந்தான்.

“இங்க சேர்ந்த முதல் வாரம் எல்லாருக்கும் நெத்தியில ஒரு கொம்பு முளைக்கும்,” என்றான் கேப்டன். “அப்புறம் கழுத்தே பழகிடும்.”

பாஸ் தொங்கிய கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. என் மூளை ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

“பாஸ், சதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கடற்பாசி சூப் எதுக்கு வைப்பாங்க? பிறந்த நாளுக்கு! இங்க யாருக்கோ இன்னிக்குப் பிறந்த நாள். பந்தய நாளாச்சேன்னு வெளியில சொல்லாம ஒரு கிண்ணம் குடிச்சிருக்கான்.”

“வீரர்கள் அட்டையில யாருக்கும் இன்னிக்குப் பிறந்த நாள் இல்லையே.”

“அட்டையில இருக்கறது சூரியக் காலண்டர். நம்ம ஊர்ப் பெரியவங்க நிலாக் கணக்குலல்ல கொண்டாடுவாங்க?” வெற்றிப் புன்னகையோடு தலைவர் பக்கம் திரும்பினேன். “ஐயா, உங்களுக்கு நிலாக் கணக்குல பிறந்த நாள் எப்போ?”

தலைவர் விரலை மடக்கி எண்ணினார். முகம் மாறியது.

“இன்னிக்கு,” என்றார்.

“பிடிச்சேன் பாத்தீங்களா!”

“எனக்குப் பிறந்த நாள்,” தலைவர் மெல்லச் சொன்னார். “என் பொண்டாட்டி மறந்துட்டா. ரெண்டு பையனும் மறந்துட்டான். நானே மறந்துட்டேன். எனக்கு ஒரு வாய் சூப் வெக்க இந்த ஊர்ல ஆள் இல்லை.” அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். உள்ளேயிருந்த கரண்டி குத்தி அலறிக்கொண்டு எழுந்தார்.

“ஒரு கேஸைக் கண்டுபிடிக்கச் சொன்னா, ஒரு மனுஷனை அழ வெச்சுட்ட,” என்று பாஸ் என் காதைப் பிடித்து வெளியே இழுத்தார். “வா. மார்க்கெட்டுக்குப் போகலாம்.”

மார்க்கெட்டில் பாதிக் கடை மூடியிருந்தது. மீதிக் கடைகளில் ஆக்டோபஸ் பொம்மை தொங்கியது. காய்ந்த கடற்பாசி விற்கும் கிழவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் எங்களை வரவேற்றார். டிவியில் அந்தோங் அணி வார்ம்-அப் செய்துகொண்டிருந்தது.

“அந்தப் பயலைப் பாருங்க,” கிழவர் திரையை நோக்கி விசிறியை நீட்டினார். “க்வோன் இன்சோ. போன வருஷம் கடைசி நொடியில எறிஞ்சு நம்ம அடிவயித்துல இடி இறக்கினானே, அவன்தான். இன்னிக்குப் புதுசா நெத்தியில துணிப்பட்டை வேற. சினிமா ஹீரோன்னு நினைப்பு.”

“பட்டை கட்டினா பந்து நேரா போகும்னு யாரோ சொல்லிருப்பாங்க,” என்றேன்.

பாஸ் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடையில் தொங்கிய கடற்பாசியைப் பார்த்தார். ஆள் உயரத்துக்கு, மடிக்காமல், வெட்டாமல், வைக்கோல் புரியால் கட்டித் தனியாகத் தொங்கியது ஒன்று.

“தாத்தா, இது எப்போ விப்பீங்க?”

“இது பிள்ளை பெத்தவங்களுக்கு. மடிக்க மாட்டோம், ஒடிக்க மாட்டோம், வெட்டவும் மாட்டோம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாதுல்ல? இப்படியே தோள்ல போட்டுக்கிட்டுப் போகணும். சமைக்கும்போதும் நீளமா அப்படியே போடுவாங்க.”

கப்பல் கயிறு! நான் வாயைத் திறந்தபடி நின்றேன். கிழவர் என் வாயில் ஒரு துண்டு கடற்பாசியைப் போடுவாரோ என்று தோன்றி மூடிக்கொண்டேன்.

“கடைசியா இதை வாங்கினது யாரு?”

“அதான் அதிசயம்,” கிழவர் முதல் தடவையாக டிவியிலிருந்து திரும்பினார். “நம்ம ஆக்டோபஸ் விடுதிச் சித்தி. நேத்து வந்தா. அவளைத் தெரியும்ல? ஒரு கட்டு வெங்காயத்தாளுக்கு வியாபாரியோட மூணு தலைமுறையை இழுத்துப் பேரம் பேசறவ. நேத்து ஒரு வார்த்தை பேசலையே! சொன்ன விலையைக் குடுத்துட்டுப் போயிட்டா. பிரசவத்துக்கு வாங்கற கடற்பாசிக்குப் பேரம் பேசினா குழந்தைக்கு ஆகாது. அதான் நான் யாருக்குன்னு கேக்கக்கூட இல்லை.”

வெளியே வந்ததும் நான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

“பாஸ், நாம யாரைக் காப்பாத்த வந்தோமோ, அவங்களேதான் குற்றவாளியா?”

“குற்றம்னு யாரு சொன்னது? சூப் வெச்சது அவங்க. குடிச்சது யாருன்னு யோசி. உயரமானவன், கம்பியை நெத்தியால பிடுங்கினவன். ஆனா அந்த வாசல் பழகாதவன். அந்த விடுதியில இருக்கற ஒருத்தனும் அங்க இடிச்சுக்க மாட்டான்.”

“அப்போ வெளியாள். நெத்தியில அடி. அதை மறைக்க...” நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். மீன் வண்டிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டினான். “பாஸ்! பட்டை!”

“கத்தாதே. மொக்போவுக்கே கேக்கும்.”

துறைமுகத்துக்குப் பின்னால் பிள்ளை பெற்றவர்களுக்கான ஓய்வு இல்லம் ஒன்று இருக்கிறது. நாங்கள் போன கொஞ்ச நேரத்தில், மார்பில் ஒரு துணி மூட்டையை அணைத்தபடி சித்தி வந்தார். மூட்டைக்குள் சூடு ஆறாத குடுவை. எங்களைப் பார்த்ததும் ஓடவில்லை. அழவும் இல்லை. கோபப்பட்டார்.

“நில்லுங்க! முதல்ல பொண்ணு சாப்பிடட்டும். அப்புறம் என்னை எங்க வேணா இழுத்துட்டுப் போங்க.”

அறை அடுப்படி மாதிரி கொதித்தது. கட்டிலில் தடித்த காலுறையோடு உட்கார்ந்திருந்தாள் சித்தியின் மகள் ஹேசோல். மடியில் ஒரு சின்ன மூட்டை. மூட்டையின் நுனியில் தக்காளி நிறத்தில் ஒரு முகம். நான் எத்தனையோ கேஸ் பார்த்திருக்கிறேன், தடயம் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது இதுதான் முதல் தடவை.

“மூணு வாரம் முந்திப் பொறந்துட்டா மேடம்,” என்றாள் ஹேசோல் சிரித்துக்கொண்டே. “தொடர் முடியட்டும், அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லி, கல்யாணம் வைக்கலாம்னு இருந்தோம். பதிவு மட்டும் போன வருஷமே பண்ணிட்டோம். இவளுக்கு அதுவரைக்கும் பொறுமை இல்லை.”

“அப்பா க்வோன் இன்சோதானே?” என்றார் பாஸ்.

ஹேசோலின் ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. சித்தி சட்டென்று கதவைச் சாத்தினார்.

“அந்த அந்தோங்காரன்தான்!” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “ஊர்ல எத்தனை பையன் இருக்கான். மீன்காரன் இருக்கான், வாத்தியார் இருக்கான். போயும் போயும் எங்களைக் கவுத்தவனைப் பிடிச்சுட்டு வந்திருக்கா.”

“அம்மா, அவருக்குப் பேர் இருக்கு.”

“எனக்கும்தான் பேர் இருக்கு. மொக்போ டீமோட சித்தின்னு. இது தெரிஞ்சா அந்தப் பேர் என்ன ஆகும்? பத்தொன்பது வருஷம் சோறு போட்ட பசங்க என் மூஞ்சில முழிப்பாங்களா?” கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். “எனக்கு அந்த டீமை விட்டா என்னடி இருக்கு? அப்பன் செத்தப்போ உன்னைக் கூட்டிட்டு அங்கதானே போய் நின்னேன்.”

ஹேசோல் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை வீறிட்டுத் தன் கருத்தைச் சொன்னது.

“காலையில என்ன நடந்துச்சு அக்கா?” பாஸ் மெதுவாகக் கேட்டார்.

“விடியறதுக்குள்ள சூப் வெச்சேன். இங்க எடுத்துட்டு வர, அவன் பின்வாசல் வழியா வந்தான். வரும்போதே மண்டையை இடிச்சுக்கிட்டான், கரண்டியெல்லாம் பறக்குது. உக்காந்தான். பானையைப் பாத்தான். ‘எனக்கும் ஒரு கிண்ணம் குடுங்க அத்தை’ங்கறான். ‘டேய், இன்னிக்கு ஆட்டம்டா, வழுக்கிடும்’னேன். ‘என் பொண்ணு பொறந்ததுக்கு வெச்ச சூப்பை நான் குடிக்காம யாரு குடிக்கறது’ன்னான்.”

“சரி, ஊத்தினீங்க.”

சித்தி பாஸின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

“ரெண்டு கரண்டி ஊத்தினேன். முதல் கரண்டி என் பொண்ணுக்காக ஊத்தினேன். ரெண்டாவது கரண்டி... மொக்போவுக்காக ஊத்தினேன்.”

நான் சிரித்துவிட்டேன். ஹேசோலும் சிரித்தாள், தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். சித்தி எங்கள் இரண்டு பேரையும் முறைத்தார், பிறகு அவர் வாயும் கோணிக்கொண்டது.

“காலைக் குடுவையை எடுத்துக்கிட்டு அவன் முதல்ல இங்க ஓடி வந்துட்டான். மிச்சத்தை நான் ஒளிச்சு வைக்கறதுக்குள்ள கேப்டன் பய வந்து மூடியைத் திறந்துட்டான்.”

பாஸ் எழுந்தார். “அக்கா, கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லணும். சூப் குடிச்சது யாருங்கறதுதான் கேள்வி. அவன் யாரோட புருஷன்னு என்கிட்ட யாரும் கேக்கலை.”

வீரர்களின் உடை மாற்றும் அறையில் அப்போது சாவு வீடு மாதிரி அமைதி. தலைவர் மோ ஒரு மூலையில், கோச் ஒரு மூலையில். பாஸ் நடுவில் போய் நின்றார். உட்கார்ந்திருந்தவர்கள் உயரத்துக்குத்தான் இருந்தார்.

“பசங்களா, உங்கள்ல ஒருத்தனும் சூப் குடிக்கலை. குடிச்சது அந்தோங்கோட க்வோன் இன்சோ.”

“என்னது?”

“உங்க சமையலறைக்கு வந்து, உங்க கிண்ணத்துல குடிச்சிருக்கான். ஊத்திக் குடுத்தது உங்க சித்தி.”

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அடுத்த கணம் கேப்டன் பாங் பெஞ்சின் மேல் ஏறிவிட்டான்.

“சித்தி எதிரிக்குக் கடற்பாசி சூப் குடுத்திருக்காங்கடா! நமக்காக!”

கூரை பறந்தது. தலைவர் மோ வாசலில் நின்ற சித்தியின் காலில் விழப் போய், தாடி ஏப்ரன் கொக்கியில் மாட்டிக்கொண்டு பாதியில் நின்றார். “சித்தி! உங்களையா நான் பெட்டி கட்டச் சொன்னேன்? விடுதி வாசல்ல உங்களுக்குச் சிலை வைக்கறேன்! ஆமா, அவனை எப்படி உள்ள வர வெச்சீங்க?”

“பசின்னு வந்தான்,” என்றார் சித்தி. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் முகம் வெளிறியிருந்தது. ஒரு பொய்யான மாலை கழுத்தில் விழுந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் சாகும்வரை அது வாடாது.

பாஸ் எல்லோரிடமும் இது அறையைத் தாண்டக் கூடாது என்றார். தலைவர் மோ தலையை ஆட்டினார். ஆட்டிய கையோடு வெளியே போய், வெள்ளைக் கையுறை போட்டுக் கூட்டத்தைக் கத்தவைக்கும் ரசிகர் தலைவனின் காதில் ஊதிவிட்டார்.

அந்த ஆட்டத்தைச் சொல்ல எனக்கு இரண்டு வாய் போதாது. அரங்கத்தில் உட்கார இடமில்லை, நிற்கவும் இடமில்லை. அந்தோங் பெஞ்சுக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் புளித்த திருக்கை மீனை வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தார்கள். எதிரணிக் கோச் மூக்கைப் பிடித்துக்கொண்டே கட்டளை போட்டார். காலையில் காபியில் பந்து போட்ட கேப்டன் பாங் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் உள்ளே விழுந்தது. ஆனால் க்வோன் இன்சோவுக்கும் ஒன்றும் வழுக்கவில்லை. புதிதாகத் தகப்பனானவனுக்குச் சிறகு முளைத்திருந்தது. நாங்கள் ஒரு படி ஏறினால் அவன் தனியாளாக அந்தோங்கைத் தூக்கிக்கொண்டு ஒரு படி ஏறினான்.

கடைசியில் நாங்கள் இரண்டு புள்ளி முன்னால். மணி அடிக்கப்போகிற நொடியில் பந்து க்வோன் இன்சோவின் கையில். எங்கள் ஆள் ஒருவன் பதறிப்போய் அவன் கையில் அடித்துவிட்டான். விசில். நேரம் முடிந்துவிட்டது, ஆனால் யாரும் தடுக்காமல் எறிய அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தால் கூடுதல் நேரம். ஒன்று தவறினாலும் கோப்பை எங்களுக்கு.

அப்போதுதான் வெள்ளைக் கையுறைக்காரன் கையைத் தூக்கினான்.

“கடற்பாசி சூப்! கடற்பாசி சூப்!”

அரங்கம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. காற்றடைத்த பிளாஸ்டிக் குழல்களை ஒன்றோடொன்று இடித்தார்கள். சிரிப்பு, ஊளை, கும்மாளம். க்வோன் இன்சோவின் காது சிவந்தது. எறிந்தான். பந்து வலையை அசைத்துக்கொண்டு சுத்தமாக இறங்கியது.

இன்னும் ஒன்று. கூச்சல் இரண்டு மடங்கானது. “அந்தோங் புலிக்கு ஒரு கிண்ணம்! வழுக்கி விழுடா, விழுடா!” நானும் கத்திக்கொண்டுதான் இருந்தேன், பாஸ் என் காலை மிதிக்கும்வரை.

என் பக்கத்து இருக்கை காலியாகியிருந்தது. சித்தி முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைக் கையுறைக்காரனின் மைக்கைப் பிடுங்கினார்.

“வாயை மூடுங்கடா எல்லாரும்!”

பத்தொன்பது வருஷம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய குரல். அரங்கம் திடுக்கிட்டு அடங்கியது.

“என் பேத்திக்கு வெச்ச சூப்புடா அது! அதைச் சொல்லியா கேலி பண்றீங்க? அங்க நிக்கறது யாரு தெரியுமா? என் மாப்பிள்ளை! என் மாப்பிள்ளைடா! ஜெயிக்கணும்னா ஒழுங்கா ஜெயிங்க!”

எங்கள் பெஞ்சில் வீரர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். தலைவர் மோ என்னைப் பார்த்து, “மாப்பிள்ளையா? அப்போ சிலை வைக்கணுமா, வைக்க வேண்டாமா?” என்றார். சித்தி மைக்கைக் கீழே போட்டார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நின்றார்.

கோட்டில் நின்ற க்வோன் இன்சோ பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சித்தி நின்ற திசையில் இடுப்பு வரை வளைந்து வணங்கினான். நிமிர்ந்தான். எறிந்தான்.

பந்து வளையத்தின் விளிம்பில் இடித்தது. சுற்றியது. உள்ளே எட்டிப் பார்த்தது. வெளியே விழுந்தது.

ஒரு மூச்சு நேரம் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு மொக்போ வெடித்தது. யாரோ என்னை முத்தமிட்டார்கள். நான் யாரையோ முத்தமிட்டேன், அது தலைவர் மோவின் தாடி என்று பிறகுதான் தெரிந்தது. பாஸ் கணவாய்த் துண்டை விழுங்கிவிட்டு இருமினார், இருமிக்கொண்டே குதித்தார்.

ஜெயித்தவர்கள் வழக்கப்படி வீரர்கள் ஏணி போட்டு வளையத்து வலையை வெட்டத் தயாரானபோது டிவிக்காரன் ஒருவன் தோற்றவனைத் தேடிப் பிடித்தான்.

“சூப்தான் வழுக்கிடுச்சுங்களா?”

க்வோன் இன்சோ பட்டையைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். நெற்றியில் கோழிமுட்டை அளவுக்கு வீக்கம்.

“சத்தத்துக்கெல்லாம் என் கை அசையாதுங்க. முதல் ஷாட்டைப் பாத்தீங்கல்ல? இத்தனை பேர் முன்னாடி அத்தை என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாங்க. இதுவரைக்கும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அதுலதான் கை நடுங்கிடுச்சு.”

பின்னாலிருந்து வந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார் சித்தி. கண்ணீர் தாடை வரை இறங்கியிருந்தது.

“பேச்சைப் பாரு. நீ போட்டிருந்தாலும் நான் அப்படித்தான் கூப்பிட்டிருப்பேன். நட.”

அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து நடந்தார். ஏணி உச்சியிலிருந்து கேப்டன் பாங் கத்திரிக்கோலை ஆட்டினான்.

“சித்தி! எங்க போறீங்க? முதல் வெட்டு நீங்கதான் வெட்டணும். நீங்க வராம ஒருத்தனும் வெட்ட மாட்டான்!”

மற்றவர்களும் கத்தினார்கள். “சித்தி! சித்தி!” அரங்கம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

சித்தி நின்றார். திரும்பிப் பார்த்தார். தன் பையன்களைப் பார்த்தார், கையில் பிடித்திருந்தவனைப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழைய சாப்பாட்டுக் குரலில் கத்தினார்:

“வர்றேன்டா, ஏணியைப் பிடிங்க! டேய் மாப்பிள்ளை, நீயும் வா. உயரமா இருக்கேல்ல, என்னைத் தூக்கு!”